தங்கிப் படிக்கும் பள்ளி: அனுப்புவதா, வேண்டாமா?

அரசு மாதிரிப் பள்ளி என்பது தமிழ்நாட்டில் மாவட்டத்துக்கு ஒன்றாக நடக்கும் உண்டு உறைவிடப் பள்ளி. அந்தந்த மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் நன்றாகப் படிக்கும் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை தங்க இடமும் உணவும் கொடுத்துக் கட்டணம் இல்லாமல் படிக்க வைக்கிறது. 2021-22ஆம் கல்வியாண்டில் 10 மாவட்டங்களில் தொடங்கியது. 2022 செப்டம்பர் 5 அன்று மேலும் 15 பள்ளிகள் திறக்கப்பட்டன. பிறகு 38 மாவட்டங்களுக்கும் வந்துவிட்டது. பல இடங்களில் தற்காலிகக் கட்டடங்களில் தொடங்கிய இந்தப் பள்ளிகளுக்கு இப்போது சொந்தக் கட்டடங்கள் எழுந்து வருகின்றன. திருச்சி துவாக்குடியில் 2025 மே மாதம் திறக்கப்பட்டது அப்படி ஒன்று.

விழுப்புரம் மாவட்டத்துச் செஞ்சியைச் சுற்றியுள்ள ஊர்களில், எட்டாம் வகுப்பிலோ பத்தாம் வகுப்பிலோ படிக்கும் பிள்ளையின் பெயர் தேர்வுப் பட்டியலில் வந்துவிட்டால், தலைமையாசிரியர் பெற்றோரைக் கூப்பிட்டுச் சொல்வார். சேர்ப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யக் கிடைக்கும் நாட்களோ குறைவு. வீட்டில் அதுவரை யாரும் விடுதியில் தங்கிப் படித்திருக்க மாட்டார்கள். பெயர் வந்ததே பெரிய பெருமை என்பதால், வேண்டாம் என்று சொல்வது பிள்ளைக்குச் செய்யும் துரோகம்போலத் தோன்றும். அனுப்பி வைப்பதோ பிள்ளையைத் தள்ளிவிடுவதுபோலத் தோன்றும். இரண்டும் அவசரத்தில் எழும் எண்ணங்கள்.

ஊர் விட்டுப் போய்த் தங்கிப் படிப்பது இந்த வட்டாரத்துக்குப் புதிதில்லை. பள்ளி என்ற சொல்லுக்கே படுக்கை, தங்குமிடம் என்ற பொருள் உண்டு. சமணத் துறவிகள் தங்கிய இடம் பள்ளி எனப்பட்டது. அவர்கள் அங்கே கற்பித்ததால் கல்விக்கூடத்துக்கும் அதே பெயர் நிலைத்தது. செஞ்சிக்கு வடக்கே, தேசூருக்குப் பக்கத்திலுள்ள சீயமங்கலத்தில் முதலாம் மகேந்திரவர்மன் குடைந்த அவனிபாஜன பல்லவேச்சுரம் என்னும் குடைவரைக் கோயில் இருக்கிறது. அதே ஊரின் குன்றில் கி.பி. 9ஆம் நூற்றாண்டின் இறுதியில், கங்க மன்னன் இராசமல்லன் காலத்தில், சமணப் பள்ளி இருந்ததைக் கல்வெட்டு காட்டுகிறது.

இன்னும் தெளிவான சான்று எண்ணாயிரம். இன்றைய விழுப்புரம் மாவட்டத்தில், விக்கிரவாண்டி வட்டத்தில் இருக்கும் ஊர். முதலாம் இராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டொன்று அங்கே 340 மாணவர்கள் தங்கிப் படித்ததைக் கணக்கோடு சொல்கிறது. தொடக்கநிலை மாணவர் 270 பேர், உயர்நிலை மாணவர் 70 பேர், கற்பிக்க 14 பேர். தொடக்கநிலை மாணவருக்கு நாள் ஒன்றுக்கு ஆறு நாழி நெல் அளக்கப்பட்டது. உயர்நிலை மாணவருக்கு அதைவிடக் கூடுதல். செலவுக்கென நிலம் ஒதுக்கப்பட்டது. படித்தவை வேதமும் இலக்கணமும் மீமாம்சையும் வேதாந்தமும். வேதம் ஓதும் உரிமை எந்தக் குலத்துக்கு உண்டோ அந்தக் குலத்துப் பிள்ளைகளுக்கு மட்டுமே வாசல் திறந்தது. சுற்றியிருந்த ஊர்களின் உழவர் பிள்ளைகளுக்கு அங்கே இடமில்லை. இன்று அதே மாவட்டத்தில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் என்பதையே தகுதியாக வைத்து உறைவிடப் பள்ளி நடக்கிறது என்றால், நடந்திருக்கும் மாற்றம் சிறியதில்லை.

நடுவில் இன்னொரு கட்டமும் உண்டு. காமராசர் ஆட்சியில் பள்ளியைப் பிள்ளைக்கு அருகில் கொண்டுவருவதே கொள்கையாக இருந்தது: ஒரு மைலுக்குள் தொடக்கப் பள்ளி, ஐந்து மைலுக்குள் உயர்நிலைப் பள்ளி. நடந்து போகும் தூரத்தில் பள்ளியும் மதிய உணவும் கிடைத்ததால்தான் பல வீடுகளில் முதல் தலைமுறை எழுத்தறிந்தது. மாதிரிப் பள்ளி இதற்கு எதிர்த்திசையில் நடக்கிறது. அது பிள்ளையைத் தன்னிடம் வரச் சொல்கிறது. நன்றாகப் படிப்பவர்களை எல்லாம் ஓரிடத்தில் கூட்டினால் மற்ற அரசுப் பள்ளிகள் மெலிந்துபோகும் என்று கல்வியாளர்கள் சிலர் எதிர்ப்பது இதனால்தான். அந்தக் கவலையில் நியாயம் இருக்கிறது. வகுப்பில் கைதூக்கிப் பதில் சொல்லும் இரண்டு பேர் போய்விட்டால் மிஞ்சியவர்களுக்கும் இழப்புதான். ஆனாலும் கொள்கையின் குறையை ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளையின் தோளில் ஏற்றக் கூடாது. அந்த வீடு யோசிக்க வேண்டியது தன் பிள்ளைக்கு எது நல்லது என்பதை.

தொலைவுப் பள்ளி என்றால் மாதிரிப் பள்ளி மட்டும் இல்லை. உடுமலைப்பேட்டைக்கு அருகே அமராவதிநகரில் 1962 முதல் சைனிக் பள்ளி நடக்கிறது. ஆறாம் வகுப்புக்கும் ஒன்பதாம் வகுப்புக்கும் அகில இந்திய நுழைவுத் தேர்வு உண்டு. 2021 முதல் பெண் பிள்ளைகளையும் சேர்க்கிறார்கள். செஞ்சியிலிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். கட்டணமும் உண்டு. நவோதயா பள்ளிகள் 1986இன் தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டி வந்தவை. மும்மொழிக் கொள்கையை ஏற்காத தமிழ்நாடு அவற்றை அனுமதிக்கவில்லை. புதுச்சேரி காலாப்பட்டில் ஒன்று இருந்தாலும் அது அந்த மாவட்டத்துப் பிள்ளைகளுக்கானது. நாமக்கல், இராசிபுரம், திருச்செங்கோடு பக்கத்துத் தனியார் விடுதிப் பள்ளிகள் ஒரு காலத்தில் மாநிலம் முழுவதிலிருந்தும் பிள்ளைகளை இழுத்தன. ப்ளஸ் ஒன் பாடத்தை ஓரமாக வைத்துவிட்டு இரண்டு ஆண்டும் ப்ளஸ் டூ பாடத்தையே உருட்டி மதிப்பெண் வாங்க வைப்பது அங்கே பெரிய வழக்கமாக இருந்தது. 2017இல் மாநிலத் தரவரிசை அறிவிப்பு நின்றது. நீட் தேர்வும் வந்துவிட்டது. அந்த முறையின் மவுசு இதனால் குறைந்தது. நிலத்தை அடகு வைத்துக் கட்டணம் கட்டுவது மட்டும் இன்னும் முழுதாக நிற்கவில்லை.

இவற்றுள் எதைத் தேர்ந்தாலும் முதலில் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு, பலர் பார்க்கத் தவறுவதும் அதுவே: உள்ளூர்ப் பள்ளியில் எது இல்லை? ஊரிலுள்ளது உயர்நிலைப் பள்ளி என்றால் பத்தாம் வகுப்போடு நின்றுவிடும். ப்ளஸ் ஒன்னுக்கு எப்படியும் வெளியே போக வேண்டும். பக்கத்து மேல்நிலைப் பள்ளியில் பிள்ளை கேட்கும் குரூப் இருக்கிறதா, இயற்பியலுக்கும் கணிதத்துக்கும் நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா, ஆய்வகம் பூட்டியே கிடக்கிறதா என்பவை நேரில் போய்ப் பார்த்தால் தெரிபவை. கணக்குக்கு நல்ல ஆசிரியர் உள்ள ஊர்ப்பள்ளியை விட்டுப் பெயரைப் பார்த்து ஓடுவதில் லாபம் குறைவு. ஆண்டுக்கணக்கில் முக்கியப் பாடத்துக்கு ஆள் இல்லாத பள்ளியில், வீட்டுக்கு அருகில் இருக்கிறது என்பதற்காகவே பிள்ளையை வைத்திருப்பதும் சரியில்லை.

பயணத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். செஞ்சிக்கு இன்றும் இரயில் இல்லை. திண்டிவனத்துக்கும் திருவண்ணாமலைக்கும் இடையே செஞ்சி வழியாகத் திட்டமிட்ட பாதை ஆண்டுகள் பல கடந்தும் முடியவில்லை. கிராமத்துப் பிள்ளை இலவச பஸ் பாஸை வைத்துக்கொண்டு காலையில் ஒரு பேருந்தைப் பிடிக்க வேண்டும். அதை விட்டால் முதல் இரண்டு பீரியட் போய்விடும். மாலையில் சிறப்பு வகுப்புக்கு நின்றால் வீடு திரும்ப இருட்டிவிடும். பெண் பிள்ளை என்றால் அந்த இருட்டுக்காகவே சிறப்பு வகுப்பு வேண்டாம் என்றாகிவிடும். நாளுக்கு மூன்று மணி நேரம் பேருந்தில் போகிற பிள்ளைக்கு விடுதி உண்மையிலேயே நேரத்தைத் திருப்பித் தருகிறது. இதைப் பெற்றோர் குறைத்து மதிப்பிடுகிறார்கள்.

சீயமங்கலம் போன்ற ஊர்களுக்கு இன்னொரு சிக்கல். அங்குள்ளவர்களுக்குச் செஞ்சி பழகிய ஊர், எட்டும் தூரம். ஆனால் சீயமங்கலம் இருப்பது திருவண்ணாமலை மாவட்டம் வந்தவாசி வட்டத்தில். மாதிரிப் பள்ளி மாவட்டக் கணக்கில் நடப்பதால், அந்த ஊர்ப் பிள்ளை செஞ்சியிலுள்ள உறவுக்காரப் பிள்ளையோடு ஒரே பள்ளிக்குப் போகும் என்று எதிர்பார்க்க முடியாது. தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லாத இடத்துக்குப் போவதும், மாமா மகளோடு சேர்ந்து போவதும் பதின்மூன்று வயதில் ஒன்றாகாது.

தேர்ந்தெடுத்துச் சேர்க்கும் பள்ளியால் உண்மையில் எவ்வளவு பயன் என்பதை உலகின் பல இடங்களில் ஆராய்ந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் பாஸ்டன், நியூயார்க் நகரங்களின் நுழைவுத் தேர்வுப் பள்ளிகளைப் பற்றி 2014இல் வெளியான ஆய்வு, கட்-ஆஃப் மதிப்பெண்ணைச் சற்றே தாண்டி இடம் பெற்றவர்களையும் சற்றே தவறவிட்டு வேறு பள்ளியில் படித்தவர்களையும் ஒப்பிட்டது. பின்னாளில் எழுதிய தேர்வுகளில் இருவருக்கும் பெரிய வேறுபாடு இல்லை. அந்தப் பள்ளிகளின் புகழுக்குக் காரணம் உள்ளே நடப்பதைவிட உள்ளே வருபவர்கள் என்று ஆகிறது. கரீபியத் தீவு நாடான டிரினிடாட்-டொபேகோவில் 2010இல் வந்த ஆய்வு வேறு முடிவைச் சொல்கிறது. நல்ல பள்ளியில் இடம் பெற்ற பிள்ளைகள், குறிப்பாகப் பெண் பிள்ளைகள், கூடுதலாகத் தேறினார்கள். இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஒன்று புரியும்: மாற்றுப் பள்ளி ஏற்கெனவே நன்றாக இருந்தால் போவதால் மிஞ்சுவது சொற்பம், இரண்டுக்கும் இடைவெளி பெரிதாக இருந்தால் பயனும் பெரிதாகலாம்.

விடுதிப் பள்ளிக்கு மிக நெருக்கமான ஆய்வு பிரான்சிலிருந்து வருகிறது. பாரிசுக்குக் கிழக்கே சுர்தன் என்ற ஊரில் 2009இல் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கென ஓர் உறைவிடப் பள்ளி திறந்தார்கள். தகுதியுள்ளவர்கள் அதிகம் என்பதால் குலுக்கல் முறையில் இடம் கொடுத்தார்கள். அதனால் இடம் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் நேர்மையாக ஒப்பிட முடிந்தது. முதல் ஆண்டில் விடுதிப் பிள்ளைகளின் மதிப்பெண் ஏறவில்லை. மனநிலையும் வீட்டிலிருந்து படித்தவர்களைவிடத் தாழ்ந்திருந்தது. இரண்டாம் ஆண்டின் முடிவில் மனம் பழகிவிட்டது, கணிதத்தில் நல்ல ஏற்றம் தெரிந்தது. ஆனால் அந்த ஏற்றம் பெரும்பாலும் வரும்போதே கணிதத்தில் வலுவாக இருந்த பிள்ளைகளுக்கே கிடைத்தது. விடுதிக்குப் போன முதல் பருவத்திலேயே மார்க் குறைந்துவிட்டது என்று பதறும் பெற்றோருக்கு இந்த ஆய்வு பெரிய ஆறுதல். எல்லாப் பிள்ளைக்கும் ஒரே பலன் கிடைக்காது என்பதையும் அது சொல்கிறது.

மதிப்பெண் தவிர இன்னொன்றும் சரியும். ஊர்ப்பள்ளியில் எப்போதும் முதலிடம் வாங்கிய பிள்ளை, தேர்ந்தெடுத்தவர்கள் மட்டுமே இருக்கும் வகுப்பில் இருபதாம் இடத்தில் நிற்கும். படிப்பு குறைந்திருக்காது, கூடவே இருக்கலாம். ஆனால் தன்னைப் பற்றிய மதிப்பு சரிந்துவிடும். ஆஸ்திரேலியாவில் ஆய்வு செய்த ஹெர்பர்ட் மார்ஷ் 1980களிலிருந்து இதைப் பல நாடுகளில் எடுத்துக் காட்டியிருக்கிறார். ஒரே திறமையுள்ள இரண்டு பிள்ளைகளில், கெட்டிக்காரர்கள் நிறைந்த பள்ளியில் இருப்பவர் தன்னைக் குறைவாக மதிக்கிறார். இதை முன்கூட்டியே பிள்ளையிடம் சொல்லி அனுப்பும் வீடுகள் மிகக் குறைவு. அங்கே எல்லோரும் உன்னை மாதிரிதான் இருப்பார்கள், ஃபர்ஸ்ட் ரேங்க் வரவில்லை என்றால் நீ படிக்கவில்லை என்று அர்த்தமில்லை என்று கிளம்புமுன் ஒருமுறை சொல்லிவிட்டால், பிறகு போனில் அழும்போது சொல்வதைவிட அது வேலை செய்யும்.

எட்டாம் வகுப்பு முடித்துப் போவதா, பத்தாம் வகுப்புக்குப் பிறகா என்பதும் பெரிய கேள்வி. ஒன்பதில் போனால் பொதுத் தேர்வின் நெருக்கடி வருமுன் இடம் பழக ஓராண்டு கிடைக்கும். பதினொன்றில் போகும் பிள்ளைக்கு முதிர்ச்சி கூடுதல், தனக்கு எந்தக் குரூப் வேண்டும் என்பதும் தெரியும். ஆனால் பழகுவதும் பாடத்தின் கனமும் ஒரே நேரத்தில் வந்து விழும். இரவில் தானே எழுந்து கதவைத் திறந்து வெளியே போகும், துணி துவைத்துக்கொள்ளும், உடம்பு சரியில்லை என்றால் வாய்திறந்து சொல்லும் பிள்ளையை ஒன்பதிலேயே அனுப்பலாம். வலியைக்கூடச் சொல்லாமல் அடக்கிக்கொள்ளும் பிள்ளைக்கு இரண்டு ஆண்டு பொறுப்பதில் நட்டமில்லை.

பணக் கணக்கில் விடுதியும் சாப்பாடும் இலவசம் என்பதோடு விஷயம் முடிவதில்லை. தமிழ்நாட்டில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020 முதல் உண்டு. 2021 முதல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் போன்றவற்றுக்கும் அது நீண்டது. மாதிரிப் பள்ளி மாநில அரசுப் பள்ளி என்பதால் அங்கே படித்தாலும் இந்த உரிமை தொடரும். ஒன்பதாம் வகுப்பில் தனியார் விடுதிப் பள்ளிக்கோ சைனிக் பள்ளிக்கோ போனால் போய்விடும். இடையில் ஓராண்டு வெளியே படித்தாலும் சங்கிலி அறுந்ததுதான். கல்லூரிக்குப் போகும்போது மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டமும், 2024இல் மாணவர்களுக்கென வந்த தமிழ்ப் புதல்வன் திட்டமும் ஆறு முதல் பன்னிரண்டு வரை எங்கே படித்தார்கள் என்பதையே கேட்கின்றன. அவற்றில் அரசு உதவி பெறும் பள்ளியின் தமிழ்வழி மாணவருக்கும் இடம் உண்டு. நல்ல மருத்துவராக வேண்டும் என்ற ஆசையில் கடன் வாங்கித் தனியார் பள்ளிக்கு மாற்றும் குடும்பம், அந்த ஆசைக்கு இருந்த மிகப் பெரிய கதவைத் தன் கையாலேயே சாத்திவிடுவது இங்கே நடக்கிறது.

இதற்கு நேர்மாறான சிக்கல் ஒன்றும் உண்டு. எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய்வழி மற்றும் திறன் தேர்வில் தமிழ்நாட்டுக்கு 6,695 இடங்கள். தேறியவர்களுக்கு ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். ஆனால் உணவும் தங்குமிடமும் படிப்பும் அரசே தரும் உறைவிடப் பள்ளியில் படிப்பவர்களுக்கு அந்த உதவித்தொகை கிடையாது என்று விதி சொல்கிறது. அந்தத் தேர்வில் தேறும் பிள்ளையும் மாதிரிப் பள்ளிக்குத் தேர்வாகும் பிள்ளையும் பல நேரம் ஒரே பிள்ளை. நான்கு ஆண்டில் 48,000 ரூபாய் கூலி வேலை செய்யும் வீட்டுக்குச் சிறு தொகை இல்லை. விடுதியில் மிச்சமாகும் சாப்பாட்டுச் செலவும் பயணச் செலவும் அதை ஈடுகட்டுமா என்பதை டி.சி. வாங்குமுன் தலைமையாசிரியரோடு உட்கார்ந்து பேசிக்கொள்ள வேண்டும்.

வீட்டில் பிள்ளை செய்யும் வேலையும் இந்தக் கணக்கில் சேரும். நெல்லும் மணிலாவும் விளையும் ஊர்களில் அறுவடைக் காலத்தில் மூத்த பிள்ளைதான் சின்னதுகளைப் பார்த்துக்கொள்ளும், மாட்டைக் கட்டும், பாட்டிக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கும். அதை யாரும் சொல்லிக்கொள்வதில்லை. பெண் பிள்ளையை அனுப்பத் தயங்கும்போது பயம் என்று சொல்லப்படுவதில் பாதி இந்த வேலைதான். பயம் உண்மையாகவே இருந்தால் அதற்கு வழி உண்டு. விடுதியில் இரவு தங்கும் பெண் காப்பாளர் யார், கழிப்பறையும் தண்ணீரும் எப்படி, மாதவிடாய் நாட்களில் பிள்ளை யாரிடம் சொல்லும், வெளியாட்கள் வந்து போவது எப்படிக் கண்காணிக்கப்படுகிறது என்று பெற்றோர் நேரில் போய்க் கேட்கலாம், பார்க்கலாம். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை. குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417 இரண்டையும் பிள்ளை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும்.

கடைசியில் பிள்ளையைக் கேட்க வேண்டும். போகிறாயா என்று சித்தப்பாவும் பெரியம்மாவும் சுற்றி நிற்கும்போது கேட்டால் தலையை ஆட்டிவிடும். தனியாக, வேறு வேலைக்கு நடுவில் கேட்டால்தான் உண்மை வரும். தோழியைப் பிரிய மனமில்லை என்பதும் காரணம்தான், அதைச் சிறுபிள்ளைத்தனம் என்று தள்ளக் கூடாது. ஆனால் அந்தக் காரணம் ஒரு மாதத்தில் கரையக் கூடியதா, அடியில் வேறு பயம் இருக்கிறதா என்று பேசிப் பார்க்கலாம். அந்தப் பள்ளியில் ஏற்கெனவே படிக்கும் பக்கத்து ஊர்ப் பிள்ளையோடு ஒரு மணி நேரம் பேச விடுவது, பெரியவர்கள் பத்து நாள் பேசுவதைவிடத் தெளிவைத் தரும்.

அனுப்புவது என்று முடிவானால் முதல் மூன்று மாதம்தான் கடினம். தினமும் போன் வந்தால் பிள்ளை பழகாது, வாரக்கணக்கில் வராவிட்டால் வாடிவிடும். குறித்த நாளில், குறித்த நேரத்தில் பேசுவதே நல்லது என்று விடுதி நடத்துபவர்கள் சொல்வார்கள். பார்க்கப் போகும் நாளில் ஊர்க் கதை, கோயில் திருவிழா, கன்று போட்ட மாடு என்று பேசினால் போதும், மார்க் பிறகு. அழுகை மட்டும் இருந்தால் காத்திருக்கலாம். சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் இல்லை, யாரோடும் பேசுவதில்லை என்று வாரங்கள் ஓடினால் காத்திருக்கக் கூடாது.

அப்படித் திரும்பி வரும் பிள்ளைக்கு வழி அடைபடுவதில்லை. டி.சி. வாங்கி ஊருக்குப் பக்கத்து அரசுப் பள்ளியில் அதே வகுப்பில் சேரலாம். மாதிரிப் பள்ளியும் ஊர்ப்பள்ளியும் நடத்துவது ஒரே மாநிலப் பாடத்திட்டம், ஒரே பொதுத் தேர்வு, ஆகவே பாடம் அறுபடாது, 7.5 விழுக்காட்டு உரிமையும் போகாது. பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் பொதுத் தேர்வு ஆண்டுகள் என்பதால், மாற்றுவதானால் அந்த ஆண்டுகளின் நடுவில் இல்லாமல் முன்பே மாற்றிவிடுவது பிள்ளைக்கு எளிது. திரும்பி வந்ததை ஊரில் தோல்வி என்று பேசுவார்கள். பிள்ளை வந்து இறங்கும் நாளுக்கு முன்பே வீட்டில் உள்ளவர்கள் அந்தப் பேச்சுக்குப் பதிலைத் தயாராக வைத்திருக்க வேண்டும்.